பல்பு அணைத்த கோடு

மார்ச் 4, செவ்வாய்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குப் பாதகமாக இருந்தாலும் எழுதுவேன். பேனாவின் மேல் சத்தியம்.

முதல் உண்மை: எனக்கும் அக்காவுக்கும் ஒரே அறை, ஒரே ஜன்னல். அவள் மனதுக்குள் படிப்பவள். நான் வாய்விட்டுப் படிப்பவள். சண்டை முற்றி, இன்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அறையின் குறுக்கே பலகைத் தடுப்பு. தச்சர் அளவு போட்ட வரைபடம் கேட்கிறாராம்.

அக்கா பாலிடெக்னிக்கில் கட்டட வரைகலை படிக்கிறாள். கணினியில் வரைவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தேர்வு நெருங்குகிறது.

"நான் வரையறேன்ப்பா" என்றேன்.

"ஸ்கேல் வச்சே கோணலாப் போடுவா. இவளா?" என்றாள் அக்கா.

"அவ வரையட்டும். நீ சரிபாரு" என்றார் அப்பா.

ஜன்னல் யார் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. (வேண்டுமென்றேதான்.)

மார்ச் 5, புதன்

அக்காவின் கையேட்டில் முதல் அத்தியாயத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தேன். 'எல்' அடித்து எண்டர் தட்டி, ஓரிடத்தில் கிளிக் செய்தால் கோடு பிறக்கிறது. பிறந்தது. ஆனால் விடவில்லை! சுட்டி போகும் இடமெல்லாம் சூயிங்கம் மாதிரி இழுபட்டுக்கொண்டே வந்தது. அறை வரைய உட்கார்ந்து சிலந்திவலை வரைந்தேன்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "எண்டர் தட்டுடி. போதும்னு யாராவது சொன்னாத்தான் நிறுத்தும். உன்ன மாதிரியே."

மார்ச் 6, வியாழன்

நீளச் சுவர் 3600 மில்லிமீட்டர். '3600,0' என்று அடித்தேன். கோடு சாய்ந்து பாய்ந்து திரையை விட்டே ஓடிப்போனது. அளவுக்கு முன்னால் @ போட வேண்டுமாம். @ என்றால் 'நான் நிற்கும் இடத்திலிருந்து'. போடாவிட்டால் எங்கோ மூலையில் இருக்கும் பூஜ்யத்திலிருந்து அளக்கும்.

போட்டேன். சுவர் நின்றது! நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"எலியா?"

"இல்லம்மா, சுவர்!"

மார்ச் 8, சனி

எஃப்-எட்டு பொத்தானை அழுத்திவிட்டால் கோடு படுக்கையாகப் போகும், அல்லது செங்குத்தாகப் போகும். கோணலாகப் போகவே முடியாது. மனிதர்களுக்கு அப்படி ஒரு பொத்தான் வைக்காதது நல்லதாகப் போயிற்று.

நான்கு சுவரும் முடிந்தன. ஜன்னல் நீளச் சுவரின் நட்டநடுவில், 900 அகலம். எதிர்ச் சுவரில் கதவு. அதுவும் நடுவில், அதே அகலம். தடுப்பை நியாயமாகப் போட்டால் சரிபாதியில், 1800-இல் விழும். ஜன்னல் ஆளுக்குப் பாதி. பாதி ஜன்னலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு கண்ணால் வேடிக்கை பார்ப்பதா?

மார்ச் 9, ஞாயிறு

லேயர் படித்தேன். கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வரைவது போல. ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு குட்டி பல்பு. பல்பை அணைத்தால் அதிலுள்ள கோடு மறைந்துவிடும், அச்சிலும் வராது. ஆனால் அழிவதில்லை. உள்ளேயே இருக்கும்.

சத்தியம் செய்திருக்கிறேன், ஆகவே எழுதுகிறேன்: 1800-இல் ஒரு கோடு போட்டேன். பிறகு 'புத்தகம்' என்று புது லேயர் திறந்து 1350-இல் இன்னொரு கோடு போட்டேன். அக்கா பக்கம் 450 தள்ளி. ஜன்னல் முழுக்க எனக்கு. பல்பை அணைத்தேன். அச்சுக்குப் போகும் அன்று அதை ஏற்றி, நியாயக்கோட்டை அணைத்துவிடலாம்.

நான் கெட்டவளா? தெரியவில்லை. கோடு மட்டும் மிக நேராக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

அக்கா சரிபார்த்தாள். பத்து நிமிஷம். "பரவால்லடி, சுவரெல்லாம் மூலையில ஒழுங்கா முட்டுது" என்றாள். அவள் பாராட்டினால் எனக்குச் சந்தேகம் வரும்.

லேயர் பட்டியலில் 'குறிப்பு-2' என்று ஒன்று புதிதாக வந்திருக்கிறது. பல்பு அணைந்திருந்தது. ஏதோ திருத்தமாக இருக்கும். திறந்து பார்க்கலாம் என்றால் அக்கா பின்னாலேயே நிற்கிறாள். பல்பு பக்கம் கை போனால் என் குட்டுதான் வெளிப்படும்.

மார்ச் 12, புதன்

பள்ளியிலிருந்து வருவதற்குள் அப்பா பென்டிரைவை எடுத்துக்கொண்டு அச்சுக் கடைக்குப் போய்விட்டார். போயிற்று. நியாயக்கோடுதான் அச்சாகும். உண்மை வென்றது. எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 15, சனி

ஐயோ.

தச்சர் வந்தார். அறையில் அப்பா தாளை விரித்தார். அதில் தடுப்புக்கோடு ஒன்றல்ல — மூன்று! 1350, 1800, 2250.

"கடைக்காரர் நல்ல மனுஷன்" என்றார் அப்பா. "'ரெண்டு பல்பு அணைஞ்சிருந்துச்சு சார், நானே போட்டுவிட்டேன்'னார்."

இரண்டா? நான் அணைத்தது ஒன்றுதானே! அக்காவைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள். 'குறிப்பு-2'! 2250-இல் போட்டால் ஜன்னல் முழுக்க அவளுக்கு. பத்து நிமிஷத்தில் முடித்திருக்கிறாள், திருடி!

தச்சர் தாளில் விரல் வைத்தார். "இந்தக் கோட்டுல தடுப்பு வந்தா பெரிய பாப்பா உள்ள போக வழியில்ல. அந்தக் கோட்டுல வந்தா சின்னப் பாப்பாவுக்கு வழியில்ல. நடுவுல வந்தா கதவே ரெண்டாப் பொளந்துரும்…"

கதவு! ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்ததில் இருவரும் கதவை மறந்திருக்கிறோம். வரைகலை படிக்கிறவளும் சேர்த்துத்தான்.

"அட, நடுவுல இருக்கறது மையக்கோடா!" தச்சர் தாளைத் தட்டினார். "ரெண்டு பக்கமும் தடுப்பு, நடுவுல நடைபாதை, அவங்கவங்க இடத்துக்குப் பக்கத்துல ஒரு வாசல். கடைசியில ஜன்னல். அங்க ஒரு மேடை போட்டா ரெண்டு பேரும் உக்காந்து படிக்கலாம். அருமை சார்! யாரு யோசனை?"

"என்னோடது" என்றோம், இருவரும் ஒரே மூச்சில்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கும்போது அதைத்தான் செய்வார்.

மார்ச் 23, ஞாயிறு

மேடை முடிந்துவிட்டது. இரண்டு பேர் உட்காரலாம், முழங்கால் இடித்தால் பரவாயில்லை என்றால். அக்கா மனதுக்குள் படிக்கிறாள். நானும் மனதுக்குள்தான், உதடு மட்டும் அசைகிறது.

"எதுக்குடி 'புத்தகம்'னு பேர் வச்சே? பாத்த உடனே உன் வேலைன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கும் அதே யோசனை வந்துச்சு" என்றாள்.

"நீ எதுக்கு 'குறிப்பு'ன்னு வச்சே?"

"நீ குறிப்பெல்லாம் படிக்க மாட்டேன்னுதான்."

இருட்டுகிறது. மேடைக்கு மேலே ஒரே விளக்கு. அதன் சுவிட்ச் எப்படி அக்கா கைக்கு எட்டும் தூரத்தில் வந்தது? நான் வரைந்த எந்த லேயரிலும் அது இல்லையே. விளக்கு மாட்ட வந்த எலக்ட்ரீஷியனிடம் அக்கா தனியாக ஏதோ பேசிக்கொண்டிருந்ததை அன்றே கவனித்திருக்க வே

விளக்கை அணைத்துவிட்டாள்.