சரல் வழி சுற்றி வந்தவனுக்கு

எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்ட மச்சானுக்கு,

இன்று காலை உன் சைக்கிளின் பின்சக்கரம் பஞ்சர். நீ போன பிறகு அத்தைதான் அதை உருட்டிக்கொண்டு வந்து என் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தாள். "நீயே ஓட்டு மக்கா, கண்ணு முன்னால நிண்ணா எனக்குத் தாங்கல்ல" என்றாள். என்னுடைய சைக்கிள் துருப்பிடித்து உட்கார்ந்துவிட்டது, அதனால் இதைத்தான் ஓட்டுகிறேன். டயரை நெம்பிக் கழற்றியபோது உள்ளிருந்து சிவப்புப் புழுதி கொட்டியது. டியூபில் ரப்பரைவிட ஒட்டுதான் அதிகம். பசையைத் தடவி வாயால் ஊதினேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு அதற்குமேல் கை ஓடவில்லை. டியூபைக் கீழே வைத்துவிட்டு முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் உட்கார்ந்துவிடுகிறேன்.

அந்த ஒட்டுகளில் ஒன்றுகூட நேர்ரோட்டில் வாங்கியதில்லை. எல்லாம் சரல் பாதை உனக்குக் கொடுத்தவை.

உனக்குத் தெரியாத வழியா? ஆனாலும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். நம் ஊரிலிருந்து கோட்டாற்றுக் கருப்பட்டி மண்டிக்கு நேர்ரோடு ஒன்று உண்டு. அது பக்கத்து ஊர்க் கோயிலின் தேர்வீதிக்குள் நுழைந்து, மறுபக்கம் புளியமரத்தடியில் வெளியே வரும். வீதியின் வாயில் தீண்டல் பலகை நட்டிருந்தது, இன்னின்ன சாதிக்காரர் இதைத் தாண்டக்கூடாது என்று. அந்தப் பட்டியலில் நம் சாதியும் இருந்தது. பலகையிலிருந்து இடப்பக்கமாகச் சரளைக்கல் பரவிய ஒரு சரல் பாதை பிரிந்து பொற்றைக் குன்றில் ஏறும், பனைவிளைக்குள் இறங்கும், குளத்தங்கரையில் சுற்றும், மறுபடி ஒரு மேடு ஏறி, கடைசியில் அதே புளியமரத்தடிக்கு வந்து சேரும்.

மண்டியில் வேலை கிடைத்து, ஆளுக்கொரு பழைய சைக்கிள் வாங்கிக்கொண்டு புறப்பட்ட முதல் நாளை நினைத்துக்கொள்கிறேன். பலகைக்குப் பக்கத்தில் அந்தத் தெருக்காரர் ஒருவர் கம்பை ஊன்றி நின்றார்.

"பேரென்னடே?" என்று என்னைக் கேட்டார்.

"சாமுவேல்."

"வேதக்காரனா? போ." பிறகு உன்னைப் பார்த்தார். "நீ?"

நீ உன் பெயரைச் சொன்னாய். "நீ அந்தால சுத்திப் போ" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். நம் இருவர் முகத்திலும் ஒரே தாத்தாவின் மூக்கு. என் அப்பாவும் உன் அம்மாவும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். என் அப்பா கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார், அத்தை சேரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குள் எனக்கு வீதி, உனக்குப் பொற்றை.

நான் நேர்வழியில் போய்ப் புளியமரத்தடியில் ஒரு காலை ஊன்றிக் காத்திருப்பேன். வெகுநேரம் கழித்து மேட்டின் மேல் உன் தலை தெரியும். பிறகு நீ முழுசாகத் தெரிவாய், முழங்கால் வரை சிவப்பாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. மண்டியில் தாமதத்துக்கு இருவருமே ஏச்சு வாங்குவோம். காத்திருப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு கோடையில் நானும் பலகையிடம் ஹாண்டிலை இடப்பக்கம் திருப்பினேன்.

"ஒனக்கு என்னலே கிறுக்கா? நேர்வழி கெடக்குல்லா?" என்று நீ சைக்கிளை விட்டு இறங்கிவிட்டாய்.

"தனியா சைக்கிள் சவுட்டினா உறக்கம் வருது."

"எரக்கப்பட்டு வாறியா? என் சரல எனக்கு விட்டிரு."

நிஜமாகவே கோபப்பட்டாய். மறுநாளும் நான் வந்தேன், அதற்கு மறுநாளும் வந்தேன். நீ அலுத்துப்போய் ஒத்துக்கொண்டாய் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பாதையை யாராவது அழகு என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். பொற்றை உச்சியிலிருந்து பார்த்தால் வயலும் குளமும் பனையும் மலையும் நன்றாகத்தான் தெரியும். ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவனுக்கு எந்த வயல் பச்சையாகத் தெரியப்போகிறது? கோடையில் சரல் வறுகடலை கொட்டிவைத்ததுபோல் சக்கரத்துக்கு அடியில் உருளும். மழை பெய்தால் பாதையின் நடுவே ஓடை அறுத்துக்கொண்டு போகும். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வரும் காற்று முகத்தில் கைவைத்துத் தள்ளும். இறக்கத்தில் நான் விழுந்து கை உரிந்து எழுந்தபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எறக்கத்துல பிரேக்கத் தொடாத. வண்டிய அது போக்குல விடு, கேட்டியா? பயந்து பிடிச்சாதான் சரலு வாரும்."

அப்படிப்பட்ட ஓர் ஆடி மாதத்தில்தான் எனக்குப் பொறுமை போயிற்று. இருவரும் இறங்கி மேட்டில் தள்ளிக்கொண்டிருந்தோம். சோற்றுப் பாத்திரம் காற்றில் சாய்ந்து குழம்பு என் வேட்டியில் வழிந்தது. நான் கத்தினேன்: "ஞாயித்துக்கெழம எங்க கோயிலுக்கு வந்து ஞானஸ்நானத்துக்கு ஒரு நிமிசம் தலையக் குனி. திங்கக்கெழம ரெண்டு பேரும் நேரா போலாம். எத்தன பேரு செய்யல்ல?"

மேடு ஏறி முடித்து, சைக்கிளைப் பனையில் சாய்த்துவிட்டுச் சொன்னாய்.

"மெய்யா வேணும்னு தோணிச்சுன்னா வருவேன் மக்கா. தெருவுக்காவ வந்தேன்னா, ஒங்க சாமி என்னத்துக்கு வந்தேன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? எங்க அம்மன் ஒண்ணும் பலக நட்டல்லியே."

அன்று எனக்கு உன் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

வருடங்கள் அப்படியே போயின. திருவிதாங்கூர் மகாராஜா கோயில்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார் என்ற செய்தி மண்டிக்கு வந்தபோது நீ மண்டியில் இல்லை. நெஞ்சில் சளி கட்டி, இருமலில் ரத்தம் வந்து, வீட்டில் படுத்திருந்தாய். நெய்யூர் ஆஸ்பத்திரி டாக்டர் சைக்கிளைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் ஓடிவந்து செய்தியைச் சொன்னேன். வண்டி கட்டி உன்னை வீதி வழியாகக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

"வண்டியில கெடந்து போனா பொணம் போற மாதிரி இருக்கும். சவுட்டித்தான் போவணும்" என்றாய்.

அத்தை அழுதாள். நான் ஏசினேன். நீ கேட்டால்தானே! மறுவாரமே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டாய். இரண்டு பனை தூரத்துக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாய். வீதி வாயில் பலகை இல்லை, அதைப் பிடுங்கிய குழி மட்டும் இருந்தது. நீ குழியைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு பெடலை மிதித்தாய். வீதி முழுவதும் மணியை அடித்துக்கொண்டே போனாய். யாரும் குறுக்கே வரவில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி புடைத்தாள். கம்பு ஊன்றி நின்ற அந்த மனுசர் கண்பார்வை மங்கி வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரது மணி அடிக்கது?" என்றார்.

நீ வண்டியை நிறுத்தி உன் பெயரைச் சொன்னாய், அப்பா பெயரோடு, ஊர்ப் பெயரோடு. அவர் நீட்டியிருந்த காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

புளியமரத்தடியில் இறங்கித் திரும்பிப் பார்த்தாய். வீதியின் அந்த முனை அங்கிருந்தே தெரிந்தது.

"இம்புட்டுதானா?" என்றாய். "ஒரு பீடி வலிக்க தூரங்கூட இல்லியேலே." சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் அழுகையாகிவிட்டது. நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகைதான் வந்தது. கொஞ்சம் தணிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இனி நீ சரல்ல போவாத. நாம ரெண்டு பேரும் சுத்தினது போதும், கேட்டியா?"

அடுத்த ஆடிக் காற்றுக்கு நீ இல்லை.

சொன்ன சொல்லை மீறவில்லை மச்சான். டியூபுக்கு இன்னொரு ஒட்டுப் போட்டு, காற்றடித்து, இன்றும் வீதி வழியாகத்தான் போனேன். மூட்டு வலிக்கிறது. பஸ்ஸில் போங்களேன் என்கிறாள் வீட்டுக்காரி. தனியாகச் சவுட்டினால் உறக்கம் வருகிறது என்று உன்னிடம் சும்மாதான் சொன்னேன், இப்போது நிஜமாகவே வருகிறது. வீதியில் மணி அடித்துக்கொண்டே போகிறேன், யாரென்று யாரும் கேட்பதில்லை. பழைய தாமதம் எதுவும் இல்லை, சீக்கிரமே புளியமரத்தடிக்கு வந்துவிடுகிறேன். வந்ததும் என் கால் தானாகவே தரையில் ஊன்றிக்கொள்கிறது. மேட்டைப் பார்த்தபடி நிற்கிறேன். மண்டிக்கு நேரமாகிறது என்று தெரிந்தும், நீ வருகிறாயா என்று இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன்.

சாமுவேல்