கழுவிவிட்டால் போதுமாம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன், அதனால் இப்போது சொல்கிறேன், பயந்துவிடாதே.

போன மாதம் கிளினிக்கில், யாருக்கோ போட்ட ஊசி என் விரலில் குத்திவிட்டது. ரத்தம் சோதித்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. ஆனால் அன்று எங்கள் டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "கழுவிட்டு வேலையப் பாரும்மா" என்றார். அன்றிலிருந்து கறுவிக்கொண்டே இருந்தேன். பயன்படுத்திய ஊசிகளைப் போடுகிற பெட்டியை, சோதனைக்கு வருபவர்களிடம் காட்டுவதற்கென்றே அலமாரியில் பூட்டி வைத்திருந்த மனிதர் அவர்.

நேற்று சுகாதார அதிகாரியம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். டாக்டர் பெட்டியை எடுக்கப் பாய்ந்ததில், அலமாரிக் கண்ணாடி உடைந்து உள்ளங்கை கிழிந்தது. நல்ல ஆழம். துணியால் இறுக்கிக் கட்டிவிட்டு, வருகிற நோயாளிக்கெல்லாம் நாங்கள் தையல் போடும் ஊசி, கத்தரி வைத்த தட்டை அவரிடம் நீட்டினேன்.

"ஐயோ, அது வேணாம்! பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!"

"ஏன் டாக்டர், கழுவிட்டாப் போதுமே?" என்றேன்.

அதிகாரியம்மா தட்டைப் பார்த்தார். "இதையெல்லாம் ஸ்டெரிலைஸ் பண்ற மெஷின் எங்கம்மா?" என்று கேட்டார். ரிப்பேராகி, பூப்போட்ட துணிக்குள் கிடந்ததை நானே திறந்து காட்டினேன். சாயங்காலத்துக்குள் கதவுக்குச் சீல் வைத்துவிட்டார்கள்.

வேலை போனால் போகட்டும், வேறு தேடிக்கொள்வேன். நீ உடுத்தின பழைய புடவை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள. துவைக்காமல் அனுப்பு.

தபால் நேரம் ஆகிறது. டாக்டர் கை ஆறட்டும் அம்மா, தழும்பு மட்டும் சாகும்வரை போகக்கூடாது.

உன் மகள்