சீனிக்கும் இத்தா

2025 ஜூன் 12, மாம்புரி

சீனி இன்றும் தவிட்டைத் தொடவில்லை. புல்லை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறாள். வெள்ளைக் குதிரை என்று என் கணவர் ஆசையாக வைத்த பெயர். இப்போது விலா எலும்பு தெரிகிறது.

அவர் மௌத்தாகி அடக்கி ஏழு கிழமை. நான் வெள்ளை உடுத்து, கணவரை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறேன். கேற்றைத் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. கொட்டில் வளவுக்குள் இருப்பதால் குதிரை என் பொறுப்பு. நல்ல காலம், சீனி பெட்டைக் குதிரை. ஆணாக இருந்தால் மாமி அதற்கும் ஒரு திரை கட்டச் சொல்லியிருப்பார்.

ஜூன் 15

அவருடைய தம்பி இஸ்ஹாக் வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நின்று கதைத்தார்.

"மதினி, கடற்கரை ஹோட்டல்காரர் சீனியக் கேக்கிறார். வெள்ளைக்காரர ஏத்திக் கரையில நடத்துவாங்களாம். இங்க கிடந்து மெலியிறதுக்கு அது நல்லந்தானே?"

கெட்ட எண்ணம் இல்லாத மனிதர். இத்தா முடியட்டும், யோசிப்போம் என்றேன்.

"அதுவரைக்கும் சீனி உசிரோட இரிக்கணுமே, மதினி."

கோபம் வந்தது. சொன்னது சரியாக இருந்ததால்தான் வந்தது.

ஜூன் 18

மாப்பிள்ளையை ஏற்றச் சீனியை வாடகைக்குக் கேட்ட கலியாணத்துக்கு முந்திய நாளில் இந்த வளவு எப்படி இருக்கும்! விடியவே சீனியைக் குளிப்பாட்டுவார். வால் பளிச்சென்று இருக்க, கடைசித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலம் கலப்பார். மணிமாலையை எடுத்ததுமே அவள் காலைத் தட்டத் தொடங்குவாள். "மாப்பிளைய ஆரு பாக்கிற? சீனியத்தான் எல்லாரும் பாப்பாங்க" என்பார். ஒருமுறை நீலம் கூடிப்போய், தில்லையடிக் கலியாணத்துக்கு நீல வாலோடு போனாள். வெளிநாட்டில் இதுதான் இப்போது நாகரிகம் என்று பெண் வீட்டாரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

நினைத்துச் சிரித்துவிட்டேன். மகள் அமானி எட்டிப் பார்த்தாள். இத்தாவில் சிரிக்கக் கூடாதா?

மணிமாலையை அலுமாரிக்குள் பூட்டியது நான்தான். கொட்டில் கதவையும் சாத்தியே வைத்திருக்கிறேன். வேலியோரம் காட்டுக் கழுதைகள் வந்தால் அமானி விரட்டிவிடுகிறாள். மௌத்து வீட்டில் சத்தம் வேண்டாமே.

ஜூன் 19

இன்று தண்ணீரும் அரை வாளிதான்.

ஜூன் 22

நாள் முழுக்க நெடுந்தீவு நினைவு.

அவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தொண்ணூறில் முஸ்லிம்களை அங்கிருந்து வெளியேற்றுவதற்கு முன்பு அவருடைய வாப்பா தோணியேறி நெடுந்தீவுக்குத் துணி விற்கப் போவாராம், இவரும் கூடவே போவாராம். அங்கே வெளியில் சொந்தக்காரர் இல்லாமல் திரியும் குதிரைகளைக் கண்ட நாளில் பிடித்த பைத்தியம் கடைசிவரை விடவில்லை. சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு எங்களையும் கூட்டிப் போனார். வெயிலில் குதிரைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரே பார்த்தால் விலகிப் போய்விடுமாம். நான் நிழல் கேட்டு முணுமுணுத்தபடி இருந்தேன். அந்த முணுமுணுப்புக்கு இப்போது யார் சிரிக்கப் போகிறார்கள்.

அங்கே ஒரு குட்டி செத்துக் கிடந்தது. தாய் அசையாமல் நின்றது. கூட்டமும் சற்றுத் தள்ளி நின்றது. வெகுநேரம் கழித்து ஒரு கிழட்டுக் குதிரை தண்ணீர்ப் பக்கம் நடந்தது. ஒவ்வொன்றாக மற்றவையும் போயின. கடைசியாகத் தாயும் போனது. கல் மனசு என்றேன்.

"அதுகள் மறக்கல்ல றைஸா. தாகம் வந்திரிச்சி, அவ்வளவுதான்."

இன்று என்னை நானே கேட்டேன்: ஏண்டி றைஸா, இத்தா உனக்குத்தானே? வாயில்லாச் சீவனை ஆரு இத்தாவில இரிக்கச் சொன்ன? கதவச் சாத்தி, மணிய ஒளிச்சு, துணைக்கு வந்த கழுதையளையும் விரட்டி... அவளுக்குக் கூடப் போறதுக்கு ஒரு கூட்டமும் இல்லாமல் ஆக்கிப்போட்டேனே.

ஜூன் 23

கொட்டில் கதவைத் திறந்து விட்டேன். மணிமாலையை எடுத்து ஒருதரம் குலுக்கினேன். சீனியின் காது திரும்பியது.

வேலியோரம் மூன்று கழுதைகள் வந்தன. விரட்ட எழுந்த அமானியைப் பிடித்து நிறுத்தினேன். சீனி மெதுவாகப் போய் மூக்கை நீட்டினாள். பிறகு கனைத்தாள். அவர் போன பின் இதுதான் முதல் கனைப்பு.

"உம்மா, மணிச் சத்தம் கேட்டு ஆக்கள் என்ன கதைப்பாங்க?"

"கதைக்கட்டும் புள்ள."

பின்னேரம் அரைப் பேசின் தவிடு தின்றாள்.

ஜூலை 20

இஸ்ஹாக் ஹோட்டல்காரரையே கூட்டி வந்துவிட்டார். இருவரும் சீனியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்களாம், அமானி சொன்னாள். விலா எலும்பு மூடிவிட்டது.

விற்பதில்லை என்று திரைக்குள் இருந்தே சொன்னேன். பள்ளிவாசல்துறையில் ஒரு கலியாணத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் கொண்டு போவீர்களா என்று இஸ்ஹாக்கிடம் கேட்டேன்.

"நீலம் எவ்வளவு போடணும், மதினி?"

ஆகஸ்ட் 27

இத்தா முடிந்தது. துஆ ஓதினார்கள். மாமி எனக்குப் பச்சைச் சாரி கொண்டு வந்தார். எல்லோரும் போன பிறகு கேற்றடி வரை போனேன். வெளியே அதே தெரு, அவர் வராத தெரு. திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28

போகவில்லை.

ஆகஸ்ட் 30

காலையில் சீனி நேரே கேற்றடிக்குப் போய் நின்று காலைத் தட்டினாள். தென்னந்தோட்டத்துக் கிணற்றுக்கு அவர் அவளைக் கூட்டிப் போகும் நேரம். இத்தனை நாளும் அமானி வாளியில் கொண்டுவந்து வைத்ததுதான்.

கயிற்றைப் பிடித்தேன். கேற்றைத் திறந்தது நான், முதலில் வெளியே போனது அவள். கச்சான் காற்றில் முக்காடு நிற்கவில்லை. எதிரே வந்த இரண்டு பெண்கள் ஸலாம் சொன்னார்கள்.

கிணற்றடியில் வாளி நிறைய அள்ளி வைத்தேன். நிமிராமல் குடித்தாள். அழுகை வந்தது, அழுதேன். பிறகு இன்னொரு வாளி அள்ளிக் கையில் ஏந்தி நானும் குடித்தேன்.

எனக்கும் தாகம் வந்திருந்தது.