நாலு மாத்திரை

பிரியமுள்ள அண்ணா,

நீ போய் இரண்டு வருஷமாகிறது. திருவள்ளூரில் எல்லோரும் சௌக்கியம், மன்னிக்கு மட்டும் மூச்சு வாங்குகிறது. உனக்குக் கொடுத்த அதே குட்டி வெள்ளை மாத்திரையை டாக்டர் அவளுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அன்றைக்கு அவர் சொன்னது நினைவிருக்கிறதா? இதயம் பலமில்லாமல் வேகமாக ஓடுகிறது, மாத்திரை அதை நிதானப்படுத்தும். தினமும் காலையில் ஒரு நிமிஷம் நாடியை எண்ண வேண்டும், அறுபதுக்குக் கீழே போனால் கொடுக்கக் கூடாது. செவ்வாப்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்கு ரயில் பிடிக்க ஓடுகிற டீச்சர் நான். எண்ணுகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

அந்த மார்கழி உற்சவத்தில், கோவில் மடைப்பள்ளியில் சமைத்த நாலு நாளும் நீ மாத்திரையைத் தொடவில்லை. "பெருமாளுக்குத் தளிகை பண்றவன். இங்கிலீஷ் மருந்தைத் தொட்டா மடி போயிடும்" என்றாய். உன்னோடு யார் வாதாடுவது? ஐந்தாம் நாள் நாடி நூற்றுப்பத்து. பயந்துபோனேன். விட்டுப்போன பாடத்தைச் சேர்த்து நடத்துகிற மாதிரி, நாலு மாத்திரையை உன் உள்ளங்கையில் வைத்தேன்.

"நாலுமாடி?"

"நாலு நாள் விட்டாச்சே அண்ணா. முழுங்கு."

சாயங்காலம் நான் திரும்பியபோது நீ வாந்தியெடுத்து ஓய்ந்து கிடந்தாய். "சுவரெல்லாம் மஞ்சளாத் தெரியறதுடி" என்றாய். எண்ணினேன். நாற்பது. நம்பாமல் மறுபடி எண்ணினேன். நாற்பதேதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தினார், யார் நாலு கொடுத்தது என்று. நான் வாயைத் திறப்பதற்குள், "நானேதான் முழுங்கினேன்" என்றாய். பிழைத்து வந்தாய், இன்னும் மூன்று வருஷம் இருந்தாய். திறந்திருக்க வேண்டிய வாயை நான் திறக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது அண்ணா.

மன்னி இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம், "அவர் பிடிவாதம் தெரியாதா? நாலையும் ஒண்ணா முழுங்கின மனுஷர்" என்கிறாள். நான் காபி ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருப்பேன். உன்மேல் அவளுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இன்று காலையில்தான் அவளுக்கு முதல் மாத்திரை. மன்னி கையை நீட்டி, "நீ எண்ணறச்சே எனக்கென்னடி பயம்" என்றாள். எண்பத்தெட்டு. ஒன்றே ஒன்று கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினேன். வழியெல்லாம் அந்த வார்த்தைதான் காதில்.

எனக்காக நீ சொன்ன பொய்யை இனி நான் வைத்துக்கொள்ள முடியாது. நாளைக் காலையில் அவள் கையைப் பிடிப்பதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இது உறுதி. அப்புறமும் கையை நீட்டுவாளா என்பது அவள் இஷ்டம்.

உன் தங்கை,
ருக்கு