உன் சத்தத்தை விடக் குறைவாக

மச்சான்,

இன்று மத்தியானம் உன் கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். முதலில் வந்தது ரப்பர் வாசனை. டிரான்ஸ்பார்மருக்கு அடியில் நாம் வெட்டி வைத்த நான்கு சிலிப்பர் துண்டுகளும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் உன் குதிகால் தேய்ந்த பள்ளம் கூடத் தெரிகிறது. நீ போய் நாலு வருஷம் ஆகிறது. உன் ஜப்பான் சிலிப்பர் மட்டும் இன்னும் கெட்டியாக இருக்கிறது. ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தேன்.

உன் செலின்தான் இதை நேற்று என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். நீ இருந்தபோது வெறும் தூண்களாக நின்ற எம்.ஆர்.டி. பாதையில் இப்போது இங்கே ஈசூன் வரை ரயில் ஓடுகிறது. ஆனாலும் பெட்டி கனமென்று டாக்சியில் வந்தாள். குவீன்ஸ்டவுன் வீட்டை விட்டுவிட்டு ஈப்போவில் தம்பி வீட்டோடு போய் இருக்கப் போகிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே ஒன்று கேட்டாள்.

“அண்ணே, ஈஸ்டருக்கு அவர் கோவில்ல வாசகம் படிச்சதை டேப்புல பிடிச்சுக் கொடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? வீட்டைக் காலி பண்றப்போ எல்லா இடத்துலயும் தேடிட்டேன், கெடைக்கல. இந்தப் பெட்டியோடதான் போயிருக்கணும். பாத்துச் சொல்றீங்களா? நாளன்னைக்கு ஈப்போல இருந்து போன் பண்றேன்.”

பார்க்கிறேன் என்றேன். உன் குரல் பதிவானது அந்த ஒரு டேப்பில்தான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்தோம், பிள்ளை இல்லாத வீட்டில் பூனைக்குக் கூடப் போட்டோ எடுத்தாய். குரலைப் பிடித்து வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது?

அதுவும் உன் குரலை! எழுபதுகளில் நாம் ரேடியோ தொழிற்சாலையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சால்டரிங் செய்துகொண்டிருந்த காலத்தில், அந்தக் கோடியிலிருந்து நீ “மச்சான், தே குடிக்கப் போலாமா?” என்று கூப்பிட்டால் இந்தக் கோடியில் இருக்கும் மலாய்க்காரப் பெண்கள் எழுந்து நிற்பார்கள். ஓவர்டைம் இருந்தால் சூப்பர்வைசர் மைக்கைத் தேடமாட்டார், உன்னைத் தேடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நீ பைபிள் வாசகம் படிக்க ஏறினால் மைக்கை ஒரு பக்கமாகத் திருப்பிவைப்பாய். கடைசி பெஞ்சில் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்டதற்கு, “உன்னை எழுப்பத்தான் கத்துறேன்லா” என்றாய்.

அந்தக் குரல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசகத்தின் நடுவிலேயே, நூலாக இளைத்தது. சளி என்று நினைத்தோம். செலின் இஞ்சி தட்டிக் கொடுத்தாள், தேன் கொடுத்தாள். பிறகு பேச்சு குழறியது, கையிலிருந்து சால்டரிங் அயர்ன் நழுவியது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: நரம்பு வியாதி, முதலில் குரல், அப்புறம் கை, அப்புறம் மற்றதெல்லாம், மருந்து கிடையாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ என் தோளைத் தட்டினாய். “பாத்தியா, ஆண்டவன் சரியா எங்க கை வச்சிருக்கான்னு” என்றாய். எனக்கு ஆண்டவன் மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை, அது உனக்குத் தெரியட்டும்.

எழுதிக் காட்டலாம் என்றால் பேனா உன் விரலில் நிற்கவில்லை. கோவிலில் ஒருவர் தமிழ் டைப்ரைட்டர் ஒன்றை இரவல் கொடுத்தார். அதன் கட்டையை அழுத்தும் வலு உனக்கு இல்லை. நான் அழுத்திக் காட்டியபோது எழுந்த சத்தத்தில் நீ சொன்னது ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் கம்ப்யூட்டர் யோசனை வந்தது. தொட்டால் எழுத்து விழும். முடியாத வார்த்தையைத் தட்டலாம், முடிந்ததை வாயால் சொல்லலாம் என்பது நம் கணக்கு.

முழுதாகச் செய்த கம்ப்யூட்டரின் விலையைக் கேட்டுவிட்டு நாம் தேக்கா சந்தைத் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தோம். தே உனக்கு அப்போதே தொண்டையில் சிக்க ஆரம்பித்திருந்தது. கிளாஸை வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தாய். பகுதி பகுதியாக வாங்கி நாமே சேர்க்கலாம், கம்பெனி மெஷினைப் பார்த்துச் செய்த நகல் போர்டுகள்தான் தெருவெல்லாம் கிடைக்கிறதே என்றேன். நீ என்னைக் கிட்டே வரச் சொல்லிக் காதில் சொன்னாய்: “ஒண்ணே ஒண்ணு மச்சான். என் சத்தத்தை விட அது சத்தம் கம்மியா இருக்கணும். நான் பேசுறது செலினுக்குக் கேக்கணும்.”

கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் வேகம் கேட்பார்கள், மெமரி கேட்பார்கள். நாம் ஜாலான் புசார் பக்கத்துக் கடைகளில் ஏறி இறங்கிக் கேட்டது வேறு. எதைக் காட்டினாலும் ஓட்டிக் காட்டச் சொல்வோம். நீ அதன் பக்கத்தில் குனிந்து நின்று மெதுவாக ஒரு வாக்கியம் சொல்வாய். நான் ஒரு கை தூரத்தில் நின்று கேட்பேன். கேட்டால் வாங்கலாம், கேட்காவிட்டால் அடுத்த கடை. ஒரு கடைக்காரச் சீனர் நீ பவர் சப்ளைக்கு முன்னால் குனிந்து முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு, உன் நண்பர் மந்திரவாதியா, என் சாமானுக்கு ஏதாவது ஆகிவிடுமா என்று என்னிடம் மலாயில் கேட்டார். நீ சொல்லிக்கொண்டிருந்தது என்னவோ “செலின், சோறு போடு” என்பதுதான். எல்லாக் கடையிலும் அதையேதான் சொன்னாய். வேறு ஏதாவது சொல்லித் தொலையேன் என்றேன். வீட்டில் அதிகம் தேவைப்படுவது அதுதானே என்றாய்.

காற்றாடி வைத்த பவர் சப்ளை எல்லாம் தோற்றுப் போயின. காற்றாடி இல்லாமல் பெரிய டிரான்ஸ்பார்மராகப் போட்டு நானே செய்து தருகிறேன் என்றேன். அதைச் சுங்கை ரோடு சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே கண்டுபிடித்தோம். டிஸ்க் டிரைவ் கறகறவென்று அரைத்தது, விலையும் எட்டவில்லை. அதற்குப் பதில் உன் வீட்டு கேசட் ரெக்கார்டரே போதும், எழுதியதை டேப்பில் ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். கீபோர்டு மட்டும் புதிது. உன் விரல் பட்டாலே இறங்குகிற கீபோர்டு கிடைப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. திரைக்கு உன் பழைய கறுப்பு வெள்ளை டிவி.

உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சேர்த்து முடித்தபோது டிரான்ஸ்பார்மர் மட்டும் லேசாக உறுமியது. நான் பெட்டிக்குள் தலையை விட்டு அதற்கு வழி தேடிக்கொண்டிருக்க, நீ வாசலுக்குப் போய் உன் சிலிப்பர் ஒன்றைக் கொண்டுவந்து போட்டாய். வெட்டு என்று கையைக் காட்டினாய். செலின் பதறினாள்.

“ஐயோ, நல்ல சிலிப்பர்ங்க அது! கீழ போறதுக்கு என்ன போடுவீங்க?”

“எங்க போகப் போறேன்” என்றாய். அவள் உள்ளே போய்விட்டாள்.

ரப்பரை வைத்ததும் உறுமல் நின்றது. திரையில் வெள்ளைப் புள்ளி துடிக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. செலின் வந்து, ஓடுகிறதா என்று கேட்டாள். நீ டிவிக்குப் பக்கத்தில் குனிந்து “செலின், சோறு போடு” என்றாய். அடுக்களை வரை கேட்டது என்று அவள் சிரித்தாள். அந்த ஒரு மாலைதான் நாம் ஜெயித்த மாலை.

மறுவாரம் வந்தேன். நீ பேசவில்லை, தட்டினாய். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். வாயைத் திறந்தால் அப்போதும் உனக்குக் காற்றளவு குரல் இருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. “ஏன்டா, நீ பேசுறது அவளுக்குக் கேக்கணும்னுதானே சந்து சந்தா அலைஞ்சோம்? இப்ப வாயைப் பூட்டிட்டு உக்காந்திருக்கியே!” என்றேன். நீ ஒரு விரலால் தட்டித் தட்டித் திரையில் பதில் போட்டாய். நான் பேசினால் அவள் அழுகிறாள், தட்டினால் அழ மாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான் எழுதியிருந்தாய்.

ஏன் அழவில்லை தெரியுமா? அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை. இத்தனை பகுதிகளைத் தேடித் தேடிப் பொறுக்கிய நாம் இருவரும், திரையில் இங்கிலீஷ் எழுத்துதான் வரும், தமிழ்ப் பள்ளியோடு நின்றுவிட்ட செலினுக்கு அது கோலம் போலத்தான் இருக்கும் என்பதை நினைக்கவே இல்லை. மெஷின் என்றால் இங்கிலீஷ் என்று அத்தனை ஊறிப்போயிருந்தோம். தமிழ் எழுத்து வருமா என்று அதே கடைகளில் போய்க் கேட்டேன்; கையை விரித்துவிட்டார்கள். அதனால் நீ தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாய், வேலை முடிந்து வந்து நான் உரக்கப் படித்தேன்.

அது ஒரு கொடுமை மச்சான். மின்விசிறியைக் குறை என்று நான் சொல்வேன், அவள் குறைப்பாள். கால் வலிக்கிறது என்று நான் சொல்வேன், அவள் உன் காலைப் பிடிப்பாள். போகப் போக அவள் உன்னைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பேசினாள். நீ இல்லாமல் போனால் அவள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு நாள் முழுதும் தட்டி வைத்திருந்தாய். வீட்டை யார் பேருக்கு மாற்றுவது, யாரிடம் போய்ப் பேசுவது என்று எல்லாம் படித்தேன். கடைசியில், உனக்கு வயசு இருக்கிறது, வேறு கல்யாணம் செய்துகொள் என்று இருந்தது. அதையும் என் வாயால்தான் படிக்க வேண்டியிருந்தது. செலின் என்னிடம், “அவருக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்கண்ணே” என்றாள். நீ இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாய்.

மெஷினை அணைத்தால் தட்டியதெல்லாம் போய்விடும். அதை மட்டும் டேப்பில் ஏற்றவேண்டும் என்றாய். புது டேப் வாங்கிவருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, அலமாரியிலிருந்து இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு டேப்பை இடுக்கிக்கொண்டு வந்து நீயே ரெக்கார்டருக்குள் தள்ளினாய். பதியும் பொத்தானையும் நீயேதான் அழுத்த வேண்டும் என்று பிடிவாதம். நான் ரெக்கார்டரைப் பிடித்துக்கொள்ள, முழங்கையை ஊன்றி அழுத்தினாய். உனக்கு வேர்த்துவிட்டது. எதற்கு இந்த வீம்பு என்று அன்று நினைத்தேன். சில வாரங்களில் விரலும் போயிற்று, மழைக்காலத்தில் நீயும் போய்விட்டாய்.

நேற்று செலின் போகும்போது லிப்டுக்கு முன்னால் நின்று இன்னொன்றும் சொன்னாள். “அவர் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குண்ணே. ஆனா உங்க குரல்லதான் காதுல கேக்குது. அவர் குரல் எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாக்குறேன், வரமாட்டேங்குது.” லிப்டு வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

பெட்டியில் ஒரே ஒரு டேப் இருந்தது. மேலே உன் பழைய குண்டு எழுத்தில் ‘ஈஸ்டர் வாசகம்’. அதன் குறுக்கே, நடுங்கி நடுங்கி, ஒரு கோடு. தெரிந்தேதான் செய்திருக்கிறாய். முழங்கையால் நீ அழுத்தியது எதை என்று உனக்குத் தெரியும். நீ பேசினால் அவள் அழுகிறாள் என்று திரையில் போட்டாயே.

ரெக்கார்டரில் போட்டுக் கேட்டேன். கீச்சென்ற மெஷின் சத்தம், நீ தட்டிய எழுத்துகள் டேப்பில் இருக்கும் கோலத்தில். மெஷினுக்குள் ஏற்றிப் பார்த்தேன்; டேப் இழுபட்டுப் போயிருக்கிறது, பிழை பிழை என்றே காட்டுகிறது. எழுத்தும் இல்லை. மறுபக்கம் காலி. கீச்சொலி முடிந்த பிறகும் நிறுத்தாமல் ஓட விட்டேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. அப்புறம் திடீரென்று கோவில் நிறைய ஆட்கள்: “இறைவா, உமக்கு நன்றி.” நீ படித்து முடித்ததும் நாங்கள் சொன்ன பதில். யாரோ இருமுகிறார்கள், பெஞ்ச் நகர்கிறது, டேப் முடிகிறது. செலினின் குரல் இருக்கிறது, பக்கத்தில் நான் இருக்கிறேன். நீ படித்தது மட்டும் இல்லை. நாலைந்து முறை திருப்பிப் போட்டேன். கூடுதலாக ஒரு எழுத்துக்கூடக் கிடைக்கவில்லை.

நாளைக்கு செலின் போன் செய்வாள். இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதையும் என் குரலில்தான் கேட்பாள்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம் ஒன்றுதான். ஐஸ்பெட்டி, மின்விசிறி, தொழிற்சாலையில் வந்திறங்கும் புது மெஷின், எதன் பக்கத்திலும் என்னை அறியாமல் குனிந்து உன் வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். இப்போதும் உன் கம்ப்யூட்டர் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. சிலிப்பர் துண்டுகளை எடுக்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டேன், மின்விசிறியையும் நிறுத்திவிட்டேன். வீட்டில் ஒரு சத்தம் இல்லை மச்சான். நீ எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் கேட்கும்.