குதிகால் எழும்பாத பூட்ஸ்

அண்ணி,

துர்கா பூஜை நெருங்கிவிட்டது. நேற்று கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்தேன். புது ரப்பரும் பசையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். எதிரே ஒரு அம்மா தன் மகளுக்கு ஒரு நம்பர் பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த பூஜைக்கும் ஆகுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீட்டில் மட்டும் யார் கால் சரியான நம்பரைக் கண்டது? முன்னால் பஞ்சு, பின்னால் ஒரு விரல் இடைவெளி என்றுதானே வளர்ந்தோம்.

அதே வழக்கத்தோடு குல்மார்க் பனிச்சரிவுக்கும் போனோம்.

அந்தப் பயணத்துக்கு நீங்கள் ஏன் அப்படி ஒற்றைக்காலில் நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். பூரியில் எல்லோரும் கடலில் இறங்க, நீங்கள் கரையில் பைகளுக்குக் காவல். திகாவிலும் டார்ஜிலிங்கிலும் அதே கதை. உடம்பு பூசினாற்போல இருந்தால் உட்கார்ந்தே இருக்கப் பிடிக்கும் என்று அண்ணன் எப்படித்தான் முடிவு கட்டினாரோ. ஒரு நாள் சமையலறையில் போனை என்னிடம் நீட்டினீர்கள். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு ஒரு பெண் பனிச்சரிவில் வழுக்கி வந்தாள். ஸ்னோபோர்டாம். "இத மாதிரி ஒரே ஒரு தடவ, விழாம, நின்னுக்கிட்டே எறங்கணும். பைய உங்க அண்ணன் பாத்துக்கட்டும்" என்றீர்கள். அப்போது உங்களுக்கு ஐம்பது தாண்டியிருந்தது.

முதல் நாள் வாடகைக் கடையில் அண்ணன்தான் முன்னால் நின்றார். எல்லாப் பலகைக்கும் ஒரே வாடகை என்று தெரிந்ததும் இருப்பதிலேயே நீளமானதை உருவினார். சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை பார்த்த மனுஷர், நீளமாக இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. அது உங்கள் தலைக்கு மேல் நின்றது. பூட்ஸ் வழக்கம்போல ஒரு நம்பர் பெரிது, உள்ளே இரண்டு கம்பளி சாக்ஸ். கடைக்காரர் உங்கள் எடையைக் கேட்டார். நீங்கள் மங்கி கேப்பைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அண்ணனுக்கே சொல்லாததை அவரிடமா சொல்வீர்கள்?

அன்று முழுவதும் விழுந்தீர்கள். பலகையை இடது பக்கம் திருப்பச் சொன்னால் அது தன் போக்கில் போனது. சாயங்காலம் அண்ணன், நாளைக்கு, கடைசி நாளில், தானும் நானும் கேபிள் காரில் போகலாம் என்றும், நீங்கள் அறையில் பைகளோடு ஓய்வெடுக்கலாம் என்றும் சொன்னார். அக்கறையாகத்தான் சொன்னார். உங்கள் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு அவரை இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது.

அறைக்கு வந்ததும் நீங்கள் அந்தப் பூட்ஸை மறுபடி மாட்டிக்கொண்டு, என்னைத் தரையோடு அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் குதிகாலைத் தூக்கினீர்கள். பூட்ஸ் என் கையில் அப்படியே இருந்தது, உள்ளே உங்கள் கால் மட்டும் மேலே வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தீர்கள்.

"நான் திருப்புறேன், கால்தான் திரும்புது. பூட்ஸ் சும்மா நிக்குது, பின்ன பலக எப்படித் திரும்பும்? பிளவுஸ்ல ஒரு நூல் தொளதொளன்னு இருந்தா டெய்லர உண்டு இல்லன்னு பண்றோம். காலுக்கு மட்டும் ஏண்டி சாக்குப்பைய மாட்டிக்கிறோம்?"

மறுநாள் கடை திறக்கும்போதே நாம் வாசலில். உங்கள் சொந்த நம்பர் பூட்ஸைக் கேட்டு வாங்கினீர்கள், ஒரே ஒரு மெல்லிய சாக்ஸோடு. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட்டது. முட்டியை மடக்கினால் கொஞ்சம் பின்வாங்கியது. கயிற்றை இறுக்கிக் குதிகாலைத் தூக்கிப் பார்த்தீர்கள். அசையவில்லை. "வலிக்கல. ஆனா விடவும் இல்ல" என்றீர்கள், தீபாவளி பிளவுஸ் சரியாக அமைந்த முகத்தோடு.

அடுத்தது பலகை. பழகுகிறவர்களுக்குத் தாடை உயரம் போதும், ஆனால் எடையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று கடைக்காரர் மறுபடி எடையைக் கேட்டார். பின்னால் அண்ணன் பைகளோடு நின்றிருந்தார். நீங்கள் மங்கி கேப்பைக் கழற்றினீர்கள்.

"எழுபத்தெட்டு."

பிறகு இந்தியிலும் ஒரு தடவை, கடைக்கே கேட்கும்படி. அவர் ஒரு பலகையை எடுத்து உங்கள் முன் நிறுத்தினார். உதடு உயரம் வந்தது.

அன்றும் விழுந்தீர்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பலகை சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்திருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு சரிவின் உச்சியிலிருந்து புறப்பட்டீர்கள். கீழே சிவப்புக் கொடியருகே அண்ணன், தோளில் அத்தனை பைகளும் தொங்க, நீங்கள் விழுவதைப் படம்பிடிக்க போனை நீட்டிக்கொண்டு. முட்டியை மடக்கி, கையை விரித்து, நிதானமாக வந்தீர்கள். ஒரு திருப்பம். இன்னொன்று. கொடியைத் தாண்டிப் போய் நின்றீர்கள். நின்றுகொண்டே நின்றீர்கள், அண்ணி! நான் பனியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

அந்த வீடியோவில் நீங்கள் பாதிதான் இருக்கிறீர்கள். அதற்குள் அண்ணன் கை தாழ்ந்து, மீதியெல்லாம் வெறும் பனி, அவருடைய பூட்ஸ், அவருடைய குரல். "நிக்கிறா... ஏய், நிக்கிறா பாரு." நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு பூஜை ஆகிவிட்டது. இன்றும் அண்ணன் அந்த வெறும் பனியை எனக்குக் காட்டி, எப்படி வருகிறாள் பார் என்கிறார். நானும் பார்க்கிறேன். நன்றாகவே தெரிகிறீர்கள்.

இந்தக் குளிர்காலத்தில் நாங்கள் இருவரும் மறுபடி போகிறோம். இந்தத் தடவை பலகையில் ஏறப் போவது நான். அண்ணன் கேட்காமலே பைகள் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.

நேற்றுக் கடைக்காரப் பையன், "தீதி, ஒரு நம்பர் கூடத் தரட்டுமா?" என்று கேட்டான். என் நம்பரைச் சொன்னேன், கடைக்கே கேட்கும்படி. புது பூட்ஸை மாட்டிக்கொண்டு டாக்குரியா வரை நடந்தே வந்தேன். வீட்டு வாசலில் நின்று குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன். பூட்ஸும் கூடவே எழுந்தது.