இருநூற்றுப் பதினான்காம் நம்பர் கன்று

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் இருமல்தான் சுரங்கத் தூசியோடு சேர்ந்து வந்து வந்து போகிறது, நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். தம்பிக்குச் சுரங்கத்திலேயே லாரி ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது, தலைகால் புரியாமல் ஆடுகிறான். ஃபோனில் பேசினால் அப்பா காதில் விழும் என்றுதான் இந்தக் கடிதம்.

எனக்கு ஒரு வாரமாக மண்டை குழம்பிக் கிடக்கிறது. சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் நான் மரக்கன்று வளர்ப்பது உனக்குத் தெரியும். ஒவ்வொரு கன்றுக்கும் நம்பர் போட்ட தகரத் தகடு உண்டு. கன்று பட்டுப்போனால் பிடுங்கிவிட்டு, அதே குழியில் புதிதாக ஒன்றை நட்டு, பழைய தகட்டையே அதில் கட்டிவிடுவேன். நம்பர் மட்டும் குறையவே கூடாது என்று மேஸ்திரி முதல் நாளே சொல்லியிருந்தார், நானும் நாலு வருஷமாக அப்படியே செய்தேன், யாரும் தப்பென்று சொன்னதில்லை. போன வாரம் பெரிய ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்தார். கன்றுக் கணக்கு எழுதும் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாலு வருஷத்துல ஒண்ணுகூட சாகலையே, ராசியான கைம்மா உங்களுக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. தோண்டின இடமெல்லாம் திரும்பக் காடாகிவிடுகிறது என்று எழுதிக்கொடுத்து, நம் தெருவுக்குப் பின்னால் இருக்கும் குன்றையும் தோண்டச் சுரங்கக்காரர்கள் அனுமதி கேட்டிருக்கிறார்களாம். மாதக் கடைசியில் ஊர்க் கூட்டம், அதில் நான் எழுந்து, வைத்ததெல்லாம் பிழைத்தது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம்.

நான் பொய் சொன்னேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. மேஸ்திரியைக் கேட்டால், "நம்பர் குழிக்குத்தானே, கன்னுக்கா?" என்று சிரிக்கிறார். குன்றைத் தோண்டாவிட்டால் இரண்டு வருஷத்தில் சுரங்கத்தை மூடிவிடுவார்கள், பையன் எங்கே போய் லாரி ஓட்டுவான் என்று அப்பா கேட்கிறார், அது சரியாகத்தான் படுகிறது. குன்றடிக் கிணறு வற்றினால் தெரு எதைக் குடிக்கும் என்று பக்கத்து வீட்டு டெய்லர் கேட்கிறார், அதுவும் சரியாகத்தான் படுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு.

இன்று காலை இருநூற்றுப் பதினான்கு காய்ந்து நின்றது. அந்தக் குழியில் அது ஐந்தாவது கன்று. கூடையில் புதுக் கன்று தயாராக இருந்தது, எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேனோ தெரியாது. பிடுங்காமல் வந்துவிட்டேன். காய்ந்த குச்சியில் தகடு அப்படியே தொங்குகிறது, கூட்டத்துக்கு வருகிறவர்கள் முதலில் மேட்டைத்தான் சுற்றிப் பார்ப்பார்களாம். நாளைக் காலை போய் மாற்றிவிடுவேனோ என்னவோ.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வெயிலில் தலையை மூடாமல் வெளியே போகாதே. படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு. வேண்டாம், பத்திரமாக வைத்துக்கொள்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா